நியூபோர்ட் கடற்கரை மாளிகையின் பழைய புகைப்படம்: வீட்டையும் தேதியையும் கண்டுபிடிப்பது எப்படி

கையில் ஒரு பழைய படம். வெள்ளை மாளிகை, வரிசையாகத் தூண்கள், கூரை விளிம்பில் கைப்பிடிச் சுவர், ஓரத்தில் ஒரு துண்டு கடல். பின்புறம் பென்சிலில் 'நியூபோர்ட்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரில், பெரும் பணக்காரக் குடும்பங்கள் கோடையின் சில வாரங்களைக் கழிப்பதற்காகவே 1890களிலும் 1900களின் தொடக்கத்திலும் இப்படிப்பட்ட மாளிகைகளைக் கட்டின. படத்தில் இருப்பது அவற்றில் எது, படம் எப்போது எடுத்தது, கையில் இருப்பது அந்தக் காலத்துப் பிரிண்ட்தானா என்பவற்றுக்குப் பெரும்பாலும் படத்திலேயே விடை இருக்கும். பார்க்கும் வரிசைதான் முக்கியம்: முதலில் தாள், அடுத்து கட்டடம், அதன்பின் வெளிச்சம், கடைசியாகத்தான் எழுத்து. எழுத்தில் தொடங்கினால், எவரோ ஐம்பது வருடம் கழித்து ஊகித்து எழுதியதை நம்பி, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளைத்துவிடுவோம்.

தொடங்கும்போதே ஒரு தாளில் மூன்று தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்: வீடு கட்டிய ஆண்டு, நெகட்டிவ் எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு. விற்பனைப் பட்டியல்களிலும் இணையப் பதிவுகளிலும் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வருபவை. 1892இல் முடிந்த வீட்டை 1905இல் எடுத்த கண்ணாடி நெகட்டிவிலிருந்து 1970இல் பிரிண்ட் போட்டிருக்கலாம். 'சுமார் 1892' என்று அதன் கீழே போடுவது பிழை.

தேவையானவை

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப், ஒரு சிறிய எல்இடி டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், 2பி பென்சில், சுத்தமான வெள்ளைத் தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். கையுறை வேண்டுமென்றால் நைட்ரைல் கையுறை போதும். பருத்திக் கையுறையில் பிடிமானம் இல்லை. அதன் நூல் உரிந்துகொண்டிருக்கும் விளிம்பில் சிக்கிப் படலத்தைப் பிய்த்துவிடும். படத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். சுருண்டிருந்தால் அழுத்தி நேராக்க வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்ட பழைய ஆல்புமென் பிரிண்டின் மேல்படலம் தாளைவிட விறைப்பானது, வளைத்தால் வெடிக்கும்.

தாள் சொல்வது

முதலில் லூப்பில் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்படம் அல்ல, அச்சு இயந்திரத்தில் அடித்த ஹாஃப்டோன். இதழிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ வெட்டியது. புள்ளிகளுக்குப் பதிலாகப் புழு நெளிவது போன்ற நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால் கொலோடைப். கட்டடக்கலைப் புத்தகங்களின் தனிப் படத்தாள்கள் பல இந்த முறையில் அச்சானவை. சட்டம் போட்டு மாட்டியபின் பார்த்தால் அசல் புகைப்படம் போலவே இருக்கும். வண்ணப் படமாக இருந்து, லூப்பில் ஒழுங்கற்ற பல நிறத் துகள்கள் தெரிந்தால் அது ஃபோட்டோகுரோம். கருப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து பல கல் அச்சுகளில் நிறம் ஏற்றியது. அந்த நிறங்களை வைத்து வீட்டின் நிறத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

புள்ளி எதுவும் இல்லாமல் சாயல் தொடர்ச்சியாக இருந்தால்தான் புகைப்படப் பிரிண்ட். இப்போது வெளிச்சமான வெள்ளைப் பகுதியில், வானத்திலோ சுவரிலோ, தாளின் நார் தெரிகிறதா என்று பாருங்கள். மெல்லிய தாள், தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறது, நார் தெரிகிறது, வெள்ளைப் பகுதிகள் மஞ்சளித்திருக்கின்றன, நிழல்கள் ஊதா கலந்த பழுப்பு என்றால் ஆல்புமென். 1850களில் தொடங்கி 1890களின் நடுப்பகுதி வரை அதுதான் கோலோச்சியது. இந்த ஒரு தகவலே வேலையைப் பாதியாகக் குறைக்கும். 1902இல் முடிந்த ரோஸ்கிளிஃப் ஆல்புமென் பிரிண்டில் இருப்பதாக எவராவது சொன்னால், தாளையோ வீட்டையோ தவறாக அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பழுப்புச் சாயல், ஆனால் நார் தெரியாமல் வழவழப்பாக இருந்தால், நாரை மறைக்கும் பேரைட்டா என்ற வெள்ளைப் பூச்சு இடையில் இருக்கிறது என்று பொருள். 1880களின் நடுப்பகுதியிலிருந்து வந்த ஜெலட்டின் அல்லது கொலோடியன் பிரிண்ட் அது. கருப்பு வெள்ளை நடுநிலைச் சாயலோடு இருந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்போது விளிம்பிலும் கரிய நிழல்களிலும் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிந்தால், அது ரசாயனத்தில் உருத்துலக்கிய ஜெலட்டின் சில்வர் பிரிண்ட். 20ஆம் நூற்றாண்டில் பெருவழக்காக இருந்தது. அந்தப் பளபளப்பு வெள்ளி மேலே வந்து படிந்த பாதிப்பு. அழுக்கு என்று துடைத்தால் படத்தையே துடைக்கிறீர்கள். முழுக்க நீலமாக இருந்தால் சயனோடைப். பளபளப்பே இல்லாமல் படம் தாளின் நாருக்குள் ஊறியது போல இருந்து, எதிரே இருந்த தாளில் மங்கலான நிழற்படிவம் விழுந்திருந்தால் பிளாட்டினம் பிரிண்ட். அப்படியொன்று கிடைத்தால் பொக்கிஷம், பத்திரப்படுத்துங்கள்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளை விளிம்பில் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது. புகைப்படத் தாள்களில் அது 1950களில்தான் வந்தது. அப்படியானால் இது பிற்காலத்துப் பிரிண்ட். ஒளிராவிட்டால் பழையது என்று உறுதியாகிவிடாது, ஏனென்றால் அந்த ரசாயனம் இல்லாத தாள்கள் பிறகும் விற்றன. ஒளிர்வதுதான் சான்று, ஒளிராதது சான்று அல்ல.

தபால் அட்டை வடிவத்தில் இருந்தால் பின்புறம் நிறையப் பேசும். 'பிரைவேட் மெயிலிங் கார்டு' என்ற வாசகம் 1898 மே மாதச் சட்டத்துக்குப் பின் வந்தது. பின்புறம் முழுக்க முகவரிக்கே ஒதுக்கி, செய்தி எழுத இடம் விடாதது 1907 மார்ச்சுக்கு முந்தைய அமெரிக்க அட்டை. நடுவில் கோடு போட்டு இடதுபுறம் செய்தி, வலதுபுறம் முகவரி என்றால் அதற்குப் பிந்தையது. பழைய நெகட்டிவை வருடக்கணக்காக விற்றார்கள் என்பதால், இது பிரிண்டின் ஆண்டுதான், படம் எடுத்த ஆண்டு அல்ல.

எந்த வீடு?

லூப்பை நேராகத் தூணின் தலைக்குக் கொண்டுபோங்கள். இலைக்கொத்து தெரிந்தால் கொரிந்தியன், இருபுறமும் ஆட்டுக்கொம்பு போலச் சுருள் தெரிந்தால் அயோனிக். நியூபோர்ட்டின் வெள்ளை மாளிகைகளில் அதிகம் குழப்பப்படும் இரண்டையும் இந்த ஒரு அடையாளம் பிரித்துவிடும்.

மார்பிள் ஹவுஸ் கொரிந்தியன். வில்லியம் கே. வாண்டர்பில்ட்டுக்கும் அவர் மனைவி ஆல்வாவுக்கும் ரிச்சர்ட் மோரிஸ் ஹண்ட் வடிவமைத்து 1888இல் தொடங்கி 1892இல் முடித்தது. 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவு, அதில் 70 லட்சம் சலவைக்கல்லுக்கு மட்டும். தெருப்பக்க முகப்பு மண்டபத்தில் நான்கு மாபெரும் தூண்கள் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும். வண்டி ஏறி வருவதற்கு வளைந்த சாய்தளம் இருபுறமும் இருக்கும். பார்க்க இரண்டு மாடிதான், உண்மையில் நான்கு தளம். கூரை வெளியே தெரியாது.

ரோஸ்கிளிஃப் அயோனிக். தெரசா ஃபேர் ஓல்ரிக்ஸுக்காக ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் வடிவமைத்தது, 1898 முதல் 1902 வரை. வெர்சாயில் இருக்கும் கிராண்ட் திரியானோனை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். தரைத் தளத்தில் வளைவு மேற்புறம் கொண்ட கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு இடையே சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் இரண்டிரண்டாக நிற்கும், நடுப்பகுதியில் மட்டும் அவை முழுத்தூண்களாக மாறும். வீட்டை மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்து வடிவம். ஆகவே படத்தில் இரண்டு பக்கமும் முன்னே துருத்திக்கொண்டு நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும். பணியாளர் அறைகள் இருந்த மூன்றாம் தளம் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். வெள்ளைச் சுவர் கல் அல்ல, செங்கல்லின் மேல் பதித்த பளபளப்பான டெரகோட்டா. நல்ல பிரிண்டில் அதன் மூட்டுகள்கூடத் தெரியும்.

ஓடு வேய்ந்த சாய்வான கூரை தெளிவாகத் தெரிந்து, மேலும் கீழுமாகத் திறந்த வளைவுத் தாழ்வாரங்கள் இருந்தால் அது தி பிரேக்கர்ஸ். 1895இல் முடிந்தது, இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணி. தி எல்ம்ஸ் 1901இல் முடிந்த பிரெஞ்சுப் பாணி மாளிகை. ஆனால் அது பெல்வியூ அவென்யூவின் மேற்குப் பக்கம் இருக்கிறது, கடலை ஒட்டி அல்ல. பின்னால் கடல் தெரியும் படத்துக்கு 'தி எல்ம்ஸ்' என்று தலைப்பு இருந்தால் தலைப்பு தவறு. பனைமரம் தெரிந்தால் நியூபோர்ட்டையே விட்டுவிடலாம். ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் ஹென்றி ஃபிளாக்லர் 1902இல் முடித்த ஒயிட்ஹால் போன்ற குளிர்கால மாளிகையைத்தான் அங்கே தேட வேண்டும்.

பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. ஒரே மாளிகையின் தெருப்பக்கமும் கடற்பக்கமும் இரண்டு வேறு வீடுகள் போல இருக்கும். மார்பிள் ஹவுஸின் நான்கு தூண் மண்டபம் தெருப்பக்கம் மட்டும்தான். கடற்பக்கப் படத்தில் அதைக் காணோம் என்று வேறு வீட்டைத் தேடி அலைய வேண்டாம். இன்றைய படங்களோடு ஒப்பிடும்போது இரண்டு முகப்புகளையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சமும் திசையும்

இந்த வகைக் கட்டடங்களின் இடதும் வலதும் ஒன்றுபோலவே இருப்பதால், கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டாலோ ஸ்கேன் செய்தாலோ எவருக்கும் தெரியாது. நிழல்தான் காட்டிக்கொடுக்கும்.

மார்பிள் ஹவுஸ், ரோஸ்கிளிஃப் இரண்டும் பெல்வியூ அவென்யூவின் கிழக்குப் பக்கம் இருக்கின்றன. தெருமுகப்பு ஏறத்தாழ மேற்கு நோக்கியும் கடல்முகப்பு ஏறத்தாழ கிழக்கு நோக்கியும் இருக்கும். கடல்முகப்பில் நேர் வெயில் விழுந்தால் படம் காலையில் எடுத்தது. அதைப் பார்த்து நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் தெற்கு. சூரியன் தென்கிழக்கில் இருக்கும், தூண்களின் நிழல் வலப்பக்கம் சாயும். தெருமுகப்பில் வெயில் என்றால் பிற்பகல். அங்கே நிற்பவருக்குத் தெற்கு வலக்கைப் பக்கம், ஆகவே நிழல் இடப்பக்கம் சாயும். இதற்கு நேர்மாறாக இருந்தால் படம் திரும்பியிருக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: கோடை நடுவில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. அதனால் ஜூன், ஜூலையில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் நிழல் மறுபக்கம் சாயும். அந்த நேரங்களில் நிழல் நீளமாகக் கிடக்கும், நிழலின் நீளத்தைப் பார்த்தே வேறுபடுத்திவிடலாம்.

படத்தில் கார் இருந்து ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால் உடனே 'திரும்பிய படம்' என்று முடிவு கட்டாதீர்கள். 1908இல் ஃபோர்டின் மாடல் டி இடப்பக்க ஸ்டியரிங்கோடு வரும் வரை அமெரிக்கக் கார்களில் வலப்பக்க ஸ்டியரிங் சாதாரணம். சட்டைப் பொத்தான் இருக்கும் பக்கமும், எழுத்து நேராக இருக்கிறதா என்பதும்தான் நம்பகமானவை.

வானம் வெறும் வெள்ளையாக இருப்பதை வைத்து மேகமூட்டமான நாள் என்றும் எழுத வேண்டாம். அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மிகையாகவும் சிவப்புக்கு மிகக் குறைவாகவும் வினைபுரிந்தன. நீல வானமும் நீலக் கடலும் வெளுத்துப் போகும், செங்கல்லும் செவ்வண்ண ஓடும் கருத்துவிடும். வெள்ளைச் சுவர் வெள்ளை வானத்தில் கரையாமல் இருக்க, நெகட்டிவில் வானத்தை மறைத்து வெட்டிய தடம் கூரை விளிம்பில் சில சமயம் தெரியும். சிலைகளைச் சுற்றி மெல்லிய கோடு போல இருக்கும். அது போலிப் படத்தின் அடையாளம் அல்ல, ஸ்டுடியோவின் நேர்மையான வேலை.

தூண்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கின்றனவா, மேலே போகப் போக உள்ளே சாய்கின்றனவா என்றும் பாருங்கள். செங்குத்தாக நின்றால், லென்ஸை மேலே உயர்த்தும் வசதி கொண்ட முக்காலி காமிராவில் தொழில்முறைக் கலைஞர் எடுத்தது. சாய்ந்தால் பெரும்பாலும் கைக்காமிரா வைத்திருந்த விருந்தாளி எடுத்தது. வட்ட வடிவப் படம் என்றால் 1888க்குப் பின் வந்த ஆரம்பகாலக் கோடாக்.

ஆண்டைச் சுருக்குவது

இப்போது படத்தில் எது இருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று பாருங்கள். மார்பிள் ஹவுஸின் கடலோர விளிம்பில் ஆல்வா கட்டிய சீனத் தேநீர் மண்டபம் 1914இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த இடம் தெரிந்தும் மண்டபம் இல்லை என்றால் படம் அதற்கு முந்தையது. 'பிரேக்கர்ஸ்' என்று தலைப்பிட்ட படத்தில் கூம்புக் கூரைகளோடு வேறொரு பெரிய வீடு நின்றால் குழம்ப வேண்டாம்: அது அதே இடத்தில் இருந்த பழைய பிரேக்கர்ஸ், 1892 நவம்பர் 25ஆம் தேதி எரிந்துபோனது. ரோஸ்கிளிஃப் என்ற பெயரும் அப்படித்தான். வரலாற்றாசிரியர் ஜார்ஜ் பேன்கிராஃப்ட்டுக்கு அந்த மனையில் இருந்த முந்தைய வீட்டின் பெயரும் அதுவே.

சன்னல்களில் துணிப் பந்தல் இறக்கியிருந்தால் குடும்பம் வந்து தங்கியிருக்கும் பருவம். எல்லாம் மூடியிருந்து மரங்கள் இலையோடு இருந்தால் பருவத்துக்குச் சற்று முன்போ பின்போ. சுவரோரக் கொடியும் வேலிச்செடியும் எவ்வளவு உயரம் என்பதை ஆண்டு தெரிந்த வேறு இரண்டு படங்களோடு ஒப்பிட்டால், நடுவில் எங்கே பொருந்துகிறது என்று சொல்லிவிடலாம். பல சமயம் இதைவிட நெருக்கமான தேதி வேறு எதிலிருந்தும் கிடைக்காது. 1938 செப்டம்பர் 21ஆம் தேதி அடித்த பெரும்புயல் இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. கடலோரப் பாதையான கிளிஃப் வாக் சிதைந்திருக்கும் படங்களில் அந்தத் தேதியை நினைவில் வையுங்கள்.

எழுத்துக்கு வருவோம்

கடைசியில்தான் தலைப்பு. அந்தக் காலத்துத் தலைப்புகள் வீட்டுப் பெயரைவிட உரிமையாளர் பெயரையே சொல்லும். அது ஒரு கடிகாரம் மாதிரி வேலை செய்யும். மார்பிள் ஹவுஸை 'திருமதி பெல்மாண்ட் இல்லம்' என்று குறித்திருந்தால் 1896 ஜனவரிக்குப் பின்: வாண்டர்பில்ட்டிடமிருந்து 1895இல் மணவிலக்குப் பெற்ற ஆல்வா அப்போதுதான் ஆலிவர் பெல்மாண்ட்டை மணந்தார். 'பிரின்ஸ்' என்றால் வீடு ஃபிரெடரிக் பிரின்ஸிடம் போன 1932க்குப் பின். நூலகப் பட்டியல்களில் தேடும்போதும் 'ரோஸ்கிளிஃப்' என்று ஒருமுறை, 'ஓல்ரிக்ஸ்' என்று ஒருமுறை, ஆங்கில எழுத்தில் தேடுங்கள். இரண்டும் வெவ்வேறு படங்களைக் கொண்டுவரும்.

படத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் எண்ணும் தலைப்பும் இருந்தால் காட்சிப் படங்களும் தபால் அட்டைகளும் விற்ற டெட்ராய்ட் நிறுவனத்தின் படமாக இருக்க வாய்ப்புண்டு. படத்திலேயே 'ஃபோட்டோகிராஃபிக் கம்பெனி' என்று இருந்தால் 1905க்கு முந்தைய பெயர், 'பப்ளிஷிங் கம்பெனி' என்றால் அதிலிருந்து வந்த பெயர். நூலகப் பதிவுகளில் இருக்கும் பெயரை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது, அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைப் போட்டிருப்பார்கள். அந்த நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்களில் பெரும் தொகுதி அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் பெரிய டிஐஎஃப்எஃப் கோப்புகளாகக் கிடைக்கிறது. உங்கள் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திறந்த சன்னல்கள், பந்தல்கள், பூச்சாடிகள், ஒரு மரத்தின் கிளை வடிவம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினால் ஒரே நெகட்டிவ். ஒரே ஒரு பந்தல் மாறியிருந்தாலும் வேறு நாள். மார்பிள் ஹவுஸ், ரோஸ்கிளிஃப், எல்ம்ஸ், பிரேக்கர்ஸ் நான்கையும் இன்று பராமரிப்பது நியூபோர்ட் கவுண்டி பாதுகாப்புச் சங்கம். ஊரின் வரலாற்றுக் கழகத்திடமும் படத்தொகுப்பு இருக்கிறது. இவர்களுக்கு எழுதும்போது 'இது எந்த வீடு?' என்று மட்டும் கேட்காமல், தாள் வகை, அளவு, பின்புற ஸ்கேன், நீங்கள் கண்ட அடையாளங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஸ்கேனும் சேமிப்பும்

கருப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சளிப்பும் பளபளப்பும் சான்றுகள், கிரேஸ்கேலில் அவை அழிந்துவிடும். 8 × 10 அங்குலப் பிரிண்டுக்கு 600 பிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்) போதும்: 4800 × 6000 பிக்சல், 16 பிட் டிஐஎஃப்எஃப் கோப்பாக ஏறத்தாழ 173 எம்பி வரும். கேபினட் கார்டு (அட்டையில் ஒட்டிய சிறிய பழைய படம்), தபால் அட்டை அளவுக்கு 1200. அளவுகோலை ஓரத்தில் வைத்து, விளிம்பு வெட்டாமல், பின்புறத்தையும் தனிக்கோப்பாக எடுங்கள். 'தானாகச் சரிசெய்' வசதியை அணைத்துவிடுங்கள். அது வெள்ளைச் சுவரின் மூட்டுகளைத் துடைத்துவிடும். வெள்ளிப் பளபளப்பு அதிகமாக இருந்தால் ஸ்கேனரில் நீல மூட்டம் விழும். அப்போது காமிராவை நேர் மேலே பொருத்தி, இரண்டு விளக்குகளை 45 பாகையில் வைத்து, விளக்கிலும் லென்ஸிலும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி போட்டு எடுப்பதே வழி. கண்ணாடி நெகட்டிவைத் தட்டையாக அடுக்கக் கூடாது, தனித்தனி உறையில் போட்டு நீளமான விளிம்பில் நிறுத்தி வையுங்கள்.

பிவிசி உறையும், பசைப் பக்கங்கள் கொண்ட 'காந்த' ஆல்பமும் படத்தைக் கொல்லும். பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமற்ற தாள் உறை வாங்குங்கள். சயனோடைப்புக்கு மட்டும் காரம் சேர்த்த தாள் ஆகாது, நீலம் வெளுத்துவிடும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் முதல் எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், தரையிலிருந்து உயர்த்தி, அறையின் உள்பக்கத்தில் வையுங்கள்.

கண்டதையெல்லாம் கடைசியில் இப்படி ஒரு பதிவாக எழுதுங்கள்: 'மார்பிள் ஹவுஸ், நியூபோர்ட், தெருமுகப்பு. கட்டியது 1888–1892. நெகட்டிவ்: 1892க்குப் பின், தலைப்பில் திருமதி பெல்மாண்ட் பெயர் இருப்பதால் தலைப்பு 1896க்குப் பின். பிற்பகல் வெளிச்சம், நிழல் இடப்பக்கம், திரும்பவில்லை. பிரிண்ட்: ஜெலட்டின் சில்வர், விளிம்பில் வெள்ளிப் பளபளப்பு, புற ஊதாவில் ஒளிரவில்லை.' ஊகமாக இருப்பதை ஊகம் என்றே குறிப்பிட்டு, காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்து பார்ப்பவர் அதைச் சரிபார்க்கவோ திருத்தவோ முடியும். பதிவைப் படத்தின் பின்னால் எழுத வேண்டாம். உறையின் மேல், படத்தை உள்ளே வைப்பதற்கு முன், 2பி பென்சிலில் எழுதுங்கள்.